நீர்க்கடுப்பும் தாவர மருந்தும்

நீர்க்கடுப்புக் கண்டவுடன் சிறுபீளையையோ நெருஞ்சிலையோ அவித்துக் குடிப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். அக்குடிநீர் சிறுநீரைப் பெருக்கும் என்பது வைத்தியர் கொள்கை. பெருகிய நீர் கிருமிகளை அடித்துச் செல்லுமன்றோ என நேயர்கள் எண்ணலாம். ஆயின், நாளொன்றுக்குப் பன்முறை நீர் கழித்தும் அக்கிருமிகள் அகலாது தங்குவது எங்ஙனம்?

இந்நோயைப் பெரும்பாலும் விளைவிப்பது எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா. குடலில் தீங்கின்றி வாழும் இது, சிறுநீர்வழியே ஏறிச் சலப்பையை அடையுமிடத்துப் பகையாகின்றது. பெண்களுக்கு அவ்வழி ஏறத்தாழ ஒன்றரை அங்குல நீளமே உடையது. ஆதலின் அவர்களே இந்நோய்க்கு மிகுதியும் ஆளாகின்றனர். இப்பற்றீரியாவின் உடலெங்கும் மிக நுண்ணிய மயிர்கள் உள. நாயுருவி விதை வேட்டியிற் பற்றிக்கொள்வதுபோல, அம்மயிர்களின் நுனி சலப்பைச் சுவரிலுள்ள சர்க்கரைப் பொருள்களைப் பற்றிக்கொள்ளுகின்றது. நீரோட்டம் அதனை எளிதில் அசைப்பதில்லை.

வட அமெரிக்கச் சதுப்பு நிலங்களில் விளையும் கிரான்பெரி என்னும் புளிப்பான செங்கனி இந்நோய்க்கு நன்று என்பது அந்நாட்டார் நம்பிக்கை. அதன் புளிப்பே கிருமியை அழிக்கின்றது என முன்னர்க் கருதினர். 1984இல் சொபோட்டா என்னும் ஆய்வாளர், அக்கனிச்சாறு கிருமிகள் ஒட்டுவதைத் தடுக்கின்றது எனக் காட்டினார். புரோ அந்தோசயனிடின் எனப்படும் துவர்ப்புப் பொருள்களே அதற்குக் காரணம் என்பது 1998இல் வெளியாயிற்று. கொல்லாது பிடியை மட்டும் தளர்த்தும் பொருளுக்குக் கிருமிகள் எளிதில் எதிர்ப்பு வளர்க்கமாட்டா என ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர்.

சுமார் 9,000 பேரை உள்ளடக்கிய 50 ஆய்வுகளை ஒருங்கே நோக்கிய மதிப்பீடு ஒன்று 2023இல் வெளிவந்தது. அடிக்கடி இந்நோய்க்கு ஆளாகும் பெண்களிடத்து, கிரான்பெரி அது மீண்டும் வரும் வாய்ப்பினை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைத்தது. கருவுற்ற பெண்களிடத்தும் பராமரிப்பு இல்லங்களில் வாழும் முதியோரிடத்தும் அத்தகைய பயன் காணப்படவில்லை.

இது வருமுன் காப்பதைப் பற்றியது. வந்த நோயைத் தீர்ப்பது வேறு. இவ்விரண்டையும் குழப்புவதே ஆபத்து. கரடித்திராட்சை என்று பொருள்படும் யூவா ஊர்சி என்னும் செடியின் இலையில் ஆர்புட்டின் என்ற பொருள் உண்டு. அது உடலில் மாற்றமுற்றுச் சிறுநீரில் கிருமியெதிர்ப்புப் பொருளாக வெளிவரும். ஜேர்மனியில், சலப்பைத் தொற்றுடைய பெண்களுள் ஒரு சாராருக்கு இவ்விலை மருந்தையும் மறு சாராருக்கு நுண்ணுயிர்கொல்லியையும் கொடுத்துப் பார்த்தனர். 2021இல் வெளியான முடிவின்படி, இலை மருந்து உண்டோரிற் பெரும்பாலார் நுண்ணுயிர்கொல்லியின்றியே தேறினர்; எனினும் அவர்களுடைய வேதனை மிகுதியாயிருந்தது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியவர்கள் இச்சாராரில் 8 பேர். மறு சாராரில் 2 பேர்.

ஆகவே, குளிருடன் கூடிய காய்ச்சலோ விலாப்புற நோவோ வாந்தியோ கண்டால், அடுப்பில் குடிநீர் கொதிக்கும்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கருவுற்றோரும் குழந்தைகளும் அவ்வடையாளங்கள் தோன்றும்வரையும் பொறுத்தலாகாது. கடுப்புக் கண்ட அன்றே அவர்களுடைய சிறுநீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.