கேம்பிங் அடுப்பு வாங்கப் போறீங்களா? நம்ம ஊர் சூட்டுக்கு எது சரிப்படும்?

வாரக் கடைசியில் லுக்குட்டிலிருந்து கிளம்பி, சிரம்பான் தாண்டி குவாலா பிலா சாலையைப் பிடித்தால் உலு பெண்டுல் வந்துவிடும். 825 மீட்டர் உயர குனோங் அங்சிக்கு ஏறலாம். அடிவாரத்தில் ஆற்றோரமாகக் கூடாரம் போட்டு ஓர் இரவு தங்கலாம். கூடாரம் ரெடி, முதுகுப்பை ரெடி, மேகி மீயும் பையில் இருக்கு. தண்ணீரை எதில் கொதிக்க வைப்பீர்கள்?

இதை யூடியூபில் தேடினால், "பியூட்டேன் கேஸ் வாங்காதீர்கள்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சொல்பவர்கள் பனி கொட்டும் மலையில் நின்றுகொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்கு அது சரிதான். நமக்கு?

கேன் உள்ளே இருப்பது திரவம். அது ஆவியானால்தான் அடுப்பு எரியும். சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். குளிர் அதற்குக் கீழே போனால் ஆவியாகாது, அடுப்பு அணைந்துவிடும். அதனால்தான் வெளிநாட்டு மலையேறிகள் ஐசோபியூட்டேனும் (மைனஸ் 12 டிகிரி) புரோப்பேனும் (மைனஸ் 42 டிகிரி) கலந்த கேனைத் தேடுகிறார்கள். அங்சி உச்சியில் விடியற்காலையில்கூட உங்களுக்கு ஒரு மெல்லிய ஜாக்கெட் போதும். அந்தக் குளிரில் பியூட்டேன் நன்றாகவே எரியும்.

ஆக, ஸ்டீம்போட் அடுப்புக்காக மளிகைக் கடையில் சில ரிங்கிட்டுக்கு விற்கிற நீளமான கேஸ் கேனே நம்ம காட்டுக்குப் போதும். ஆனால் அதோடு வரும் கேஸட் அடுப்பைப் பையில் திணித்துக்கொண்டு மலை ஏற முடியாது. ஒன்று முதல் இரண்டு கிலோ வரை இருக்கும். காரை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே சமைப்பதற்கு அது ஓகே.

முதுகுப்பைக்கு ஏற்றது திருகி மாட்டும் சின்ன பர்னர். எடை சுமார் 100 கிராம்தான். சிக்கல் என்னவென்றால், இது குட்டையான, மரை உள்ள கேனில்தான் உட்காரும். நீளமான கேனில் மாட்டாது. நான் முதல் முறை பர்னரை ஒரு கடையிலும் கேனை இன்னொரு கடையிலும் வாங்கி, காட்டில் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முழித்தேன். அன்றைக்கு இரவுச் சாப்பாடு பிஸ்கட். வாங்கிய அன்றே வீட்டு வாசலில் மாட்டிப் பற்றவைத்துப் பாருங்கள்.

நீளமான கேனுக்கு அடாப்டர் கிடைக்கும். கால் வைத்த பர்னர், தனியாக ஒரு குழாய், அதன் முனையில் கேன் என்று அமைந்த வகையை எடுங்கள். இதில் ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. கேன் படுத்த நிலையில் இருக்க வேண்டும், அதன் கழுத்து விளிம்பில் உள்ள சிறு வெட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆவி மட்டும் வெளியே வரும். திரும்பிவிட்டால் திரவமே பாய்ந்து, தீ ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பலாம்.

எவ்வளவு கேஸ் கொண்டு போவது? 27 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க, பாதி சூடு காற்றோடு போனாலும், ஏறக்குறைய 13 கிராம் செலவாகும். 230 கிராம் கேன் ஒன்று இரண்டு பேருக்கு இரண்டு இரவு தாராளம். காற்று அடிக்கிற இடத்தில் கூடுதலாகக் குடிக்கும்.

நமக்கு ஆபத்து குளிர் இல்லை, சூடு

கேனின் மேல் 'சூடான இடத்தில் வைக்காதீர்' என்று போட்டிருப்பதை யாரும் படிப்பதில்லை. 30 டிகிரியில் உள்ளே இருக்கும் அழுத்தம் 50 டிகிரியில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். போர்ட்டிக்சன் கடற்கரையில் மத்தியானம் மூடி நிறுத்திய கார் அந்தச் சூட்டை எளிதில் தொடும். மிச்ச கேனை டேஷ்போர்டில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகாதீர்கள்.

இன்னொன்று, அடுப்பைவிடப் பெரிய சட்டி. அகலமான கிரில் தட்டை வைத்தால் சூடு கீழே திரும்பி கேன் மேல் இறங்கும். கேஸட் அடுப்பு வெடிப்பதற்கு இது தெரிந்த காரணம். திருகு பர்னரைச் சுற்றி அலுமினியத் தகட்டால் முழுசாக மறைப்பு கட்டுவதும் இதே தப்புதான். அடுப்பு எரியும்போது கேனைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கணும். கை சுடுகிறது என்றால் உடனே அணையுங்கள்.

மழை வந்தால் என்ன செய்வோம்? அடுப்பைத் தூக்கிக் கூடாரத்துக்குள் வைப்போம். இதைத்தான் செய்யவே கூடாது. மூடிய இடத்தில் எரியும் அடுப்பு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், அதற்காகவே மணம் சேர்த்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கம். களைப்பு என்று நினைத்துப் படுத்தவர் எழுந்திருக்காமலே போகலாம். வெளியே ஒரு தார்ப்பாயை உயரமாகக் கட்டி, நாலு பக்கமும் திறந்து வைத்து அதன் கீழ் சமையுங்கள்.

ஸ்பிரிட் அடுப்பு எடை குறைவு, பழுதாக எதுவும் இல்லை. ஆனால் பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றுகிறவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். முதல் அடுப்பாக அதை நான் சொல்லமாட்டேன். தோட்டத்து லயத்தில் பாட்டி 'புஸ் புஸ்' என்று பம்ப் அடித்துப் பற்றவைத்த மண்ணெண்ணெய் அடுப்பு நினைவிருக்கா? 1892இல் சுவீடனில் பிறந்த பிரைமஸ் அடுப்பின் வழிவந்தது அது. 1953இல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் பிரைமஸ்தான் கொண்டுபோனது. இன்றைக்கும் எரியும், ஆனால் பை முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்.

சபாவுக்குப் பறக்கிறவர்கள் பர்னரை மட்டும் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள், அதற்குமுன் விமான நிறுவனத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் கேனுக்கு விமானத்தில் அனுமதி கிடையாது, போய் இறங்கிய ஊரில்தான் வாங்கணும். இங்கே காட்டுக்குள் போக வனத்துறையிடம் பெர்மிட் கேட்கும்போதே, அடுப்பு எங்கே பற்றவைக்கலாம் என்றும் கேட்டுவிடுங்கள். காலி கேன் உங்கள் பையிலேயே திரும்பி வரட்டும். அதில் மறுபடி கேஸ் அடைக்கும் வால்வு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது, வாங்காதீர்கள். அந்த கேன் ஒரே தடவைக்காகச் செய்த மெல்லிய தகரம்.