பந்தயம், தகராறு, தண்டவாளம்!

ஒரு சின்ன குவிஸ். ஆவியில் ஓடுற ரயில் இன்ஜினை முதல்ல ஓட்டிக் காட்டினது யாரு? ‘ஜார்ஜ் ஸ்டீபன்சன்!’னு கை தூக்கினவங்க எல்லாம் அப்படியே கையை இறக்கிடுங்க. ஸ்டீபன்சனின் இன்ஜின் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையில் ஓடியது 1825-ல். அதுக்கு 21 வருஷம் முன்னாடியே வேல்ஸ் நாட்டின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இன்னொரு மனுஷன் அந்த வேலையை முடிச்சுட்டார். அதுவும் எதுக்காக? ஒரு பந்தயத்துக்காக!

தெற்கு வேல்ஸில் டாஃப் நதி ஓடும் பள்ளத்தாக்கு அது. மேலே மெர்தர் டிட்வில் என்ற ஊர். கீழே கடலோரத்தில் கார்டிஃப் துறைமுகம். இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூணும் கூப்பிடு தூரத்தில் கிடைத்ததால், 18-ம் நூற்றாண்டில் மெர்தரில் நாலு பெரிய இரும்பாலைகள் வந்தன: டவ்லைஸ், பிளைமவுத், கவார்த்வா, பெனிடாரென். இரும்பு காய்ச்சுவது அவர்களுக்குக் கஷ்டமாக இல்லை. காய்ச்சின இரும்பைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதில்தான் நாக்கு தள்ளியது.

1794-ல் கார்டிஃப் வரைக்கும் ஒரு கால்வாய் வெட்டினார்கள். 40 கிலோமீட்டர் தூரம். மலைச்சரிவில் படகைப் படிப்படியாக இறக்க, சுமார் 50 இடங்களில் மதகுத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியிலும் படகு நிற்க வேண்டும், தண்ணீர் வடிய வேண்டும், கதவு திறக்க வேண்டும். நம்ம கிண்டி சிக்னல் எல்லாம் பிச்சை வாங்கணும்! போதாக்குறைக்கு, கால்வாய் கம்பெனியில் கவார்த்வா முதலாளி ரிச்சர்ட் கிராஷேயின் கைதான் ஓங்கியிருந்தது. மற்ற மூணு ஆலைக்காரர்களுக்கும் வயிறு எரிந்தது. ‘போய்யா, நீயும் உன் கால்வாயும்’ என்று அவர்களே சேர்ந்து அபர்கனன் வரை சுமார் 15 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் பாதை போட்டார்கள். 1802-ல் அது ஓடத் தொடங்கியது. கால்வாயின் நெரிசலான மேல் பகுதியைத் தாண்டிப்போய்க் கீழே சேர்ந்துகொள்ளலாம் என்பது ஐடியா.

டிராம் என்றதும் மின்சாரக் கம்பியும் மணியோசையும் நினைவுக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இது குதிரை இழுக்கும் சரக்குப் பாதை. இன்றைய ரயிலில் சக்கரத்துக்குத்தான் விளிம்பு உண்டு. அங்கே தண்டவாளத்துக்கே விளிம்பு, ‘எல்’ எழுத்து மாதிரி. வண்டிச் சக்கரம் சாதா சக்கரம்தான். குறுக்குக் கட்டைகளும் கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனிக் கல் பதித்து, அதில் துளை போட்டுத் தண்டவாளத்தை ஆணியடித்தார்கள். நடுவில் குதிரை கால் தடுக்காமல் நடக்கணுமே!

இப்ப ஹீரோ என்ட்ரி. ரிச்சர்ட் டிரெவிதிக், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர். ஜேம்ஸ் வாட்டின் ஆவி இன்ஜின்கள் வீடு மாதிரி பெரியவை, நகராது. காரணம், அவை குறைந்த அழுத்த ஆவியில், குளிர்விக்கும் கலனோடு வேலை செய்தவை. டிரெவிதிக் அழுத்தத்தை ஏற்றினார், அந்தக் கலனைத் தூக்கி எறிந்தார். இன்ஜின் சின்னதாகிவிட்டது. ‘வெடிச்சு ஆளைக் கொல்லும்’ என்று பயந்தவர்களில் வாட்டும் உண்டு.

பெனிடாரென் முதலாளி சாமுவேல் ஹாம்ஃப்ரே பயப்படவில்லை. ‘பத்து டன் இரும்பை அபர்கனன் வரை இந்த இன்ஜின் இழுக்கும்’ என்று கிராஷேயிடம் 500 கினி பந்தயம் கட்டினார் என்பது அந்த ஊர்க்கதை. கினின்னா அந்தக்காலத் தங்கக் காசு. 1804 பிப்ரவரி 21. பத்து டன் இரும்பு, ஐந்து வண்டிகள், ஓசியில் தொற்றிக்கொண்ட 70 பேர். வழியில் மரங்களை வெட்டி, பாறைகளைப் புரட்டிவிட்டு, 4 மணி 5 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. நடந்தே போயிருக்கலாமேன்னு சிரிக்காதீங்க பாஸ். பத்து டன் இரும்பைத் தூக்கிட்டா?

ஆனா இன்ஜின் ஜெயிச்சதும் தண்டவாளம் தோத்துடுச்சு. வார்ப்பிரும்பை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் படக்கென்று உடையும். மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம். இன்ஜினின் ஐந்து டன் கனத்துக்குக் கீழே பட்டைகள் நொறுங்கின. சில ஓட்டங்களோடு சரி, பழையபடி குதிரைகள் வந்துவிட்டன. டிரெவிதிக் 1833-ல் கையில் காசில்லாமல் செத்தார். கூட வேலை பார்த்தவர்கள் பணம் போட்டு அடக்கம் செய்தார்கள். கல்லறைக்கு அப்போது ஒரு பெயர்ப்பலகைகூட வைக்கவில்லை.

நிஜமான ரயில் பாதை 1840-41-ல் வந்தது. டாஃப் வேல் ரயில்வே. என்ஜினீயர், புகழ்பெற்ற புரூனெல். ஏழடிக்கு மேல் அகலமான பாதைதான் சிறந்தது என்று ஊரெல்லாம் சண்டை போட்டவர், இந்தப் பள்ளத்தாக்கின் வளைவுகளைப் பார்த்ததும் கப்சிப். இங்கே மட்டும் நாலடி எட்டரை அங்குலம்! அப்புறம் நிலக்கரி யுகம். ரயிலும் துறைமுகமும் திணற, சுரங்க முதலாளிகள் பழைய ஃபார்முலாவையே எடுத்தார்கள். தனியாக பாரி என்ற ஊரில் 1889-ல் துறைமுகம், அதுக்குத் தனி ரயில். 1913-ல் பாரி மட்டும் ஏற்றுமதி செய்த நிலக்கரி சுமார் 1 கோடியே 10 லட்சம் டன். கார்டிஃபையே மிஞ்சிவிட்டது.

இதுவரை முதலாளிகளுக்குள் சண்டை. 1900 ஆகஸ்டில் ஆட்டம் மாறியது. சம்பள உயர்வுக்கு முன்நின்ற ஒரு சிக்னல்மேனை டாஃப் வேல் நிர்வாகம் வேறு இடத்துக்குத் தூக்கியடித்தது. ஊழியர்கள் ஸ்டிரைக். வெளியாட்களைக் கொண்டுவந்து ரயில் ஓட்டப் பார்த்தார்கள். இவர்கள் தண்டவாளத்தில் கிரீஸ் தடவினார்கள். கம்பெனி சும்மா விடுமா? நஷ்டத்தைச் சங்கம் கட்டணும்னு கோர்ட்டுக்குப் போனது. 1901-ல் பிரபுக்கள் சபை கம்பெனி பக்கம் தீர்ப்பு சொன்னது. சங்கத்துக்கு 23,000 பவுண்டு நஷ்டஈடும் செலவும். இனி எவன் ஸ்டிரைக் செய்தாலும் சங்கம் திவால்!

தொழிலாளர்களுக்கு அப்போதுதான் உறைத்தது, பார்லிமென்ட்டில் ஆள் வேணும் என்று. பின்னாளில் லேபர் கட்சியாக மாறிய அமைப்புக்கு 1900-ல் இரண்டே எம்.பி.க்கள். அதில் ஒருவரான கீர் ஹார்டி, இதே மெர்தர் தொகுதியில் ஜெயித்தவர். 1906-ல் 29 பேர். அதே வருஷம் புதுச் சட்டம் வந்து, சங்கத்திடம் நஷ்டஈடு கேட்கும் வழியை அடைத்தது.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? இருக்கே. 1920-ல் சென்னையில் பி அண்ட் சி மில் தகராறில், பின்னி கம்பெனி சென்னைத் தொழிலாளர் சங்கத் தலைவர் பி.பி.வாடியா மேல் இதே பாணியில் ஐகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடை உத்தரவு வாங்கியது. அந்த அதிர்ச்சியில் எழுந்த கோரிக்கைதான் 1926-ன் தொழிற்சங்கச் சட்டமாக முடிந்தது. அதன் 18-வது பிரிவு, 1906 பிரிட்டிஷ் சட்டத்தின் வழியில் சங்கங்களுக்குக் கவசம் கொடுத்தது. லா காலேஜ் மக்களே, நோட் பண்ணிக்கோங்க.

மெர்தரின் நாலு இரும்பாலைகளும் போய்விட்டன. நிலக்கரியும் போய்விட்டது. ரயில் மட்டும் இருக்கிறது. 2024-ல் மெர்தர் பாதையில் மின்சார ரயில் வந்தது. சில பழைய பாலங்களுக்கு அடியில் மின்கம்பிக்கு இடமில்லாததால், அங்கே மட்டும் பேட்டரியில் ஓடுகிறது. எம்.எஸ். படிக்க கார்டிஃப் போறவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறி அபர்கனனில் இறங்குங்கள். ஆற்றோரமாக மேலே நடந்தால் குவேக்கர்ஸ் யார்ட். அங்கே பழைய டிராம் பாதையின் கல் பாலங்கள் இன்னும் நிற்கின்றன. 1815-ல் மரப்பாலம் இரும்புப் பாரத்தோடு உடைந்து விழுந்த பிறகு கட்டியவை. கீழே பார்த்து நடங்க. நடுவில் துளை போட்ட கற்கள் வரிசையாகத் தெரியும்.