சூழொலியும் இரு செவியும்

கண்ணை மூடியிருப்பினும், பின்னே வருவது வண்டி என்பதையும், வலப்புறத்தே அழைப்பவர் நண்பர் என்பதையும் நாம் அறிந்துகொள்கின்றோம். கண்ணுக்கு முன்புறமே புலனாகும். செவிக்கோ நாற்றிசையும் புலனாகும். இவ்வியல்பைத் துணையாகக் கொண்டு, வீட்டுக் கூடத்தினுள்ளே மழையும் இடியும் கடலும் நம்மைச் சூழ்ந்து நிற்பன போலத் தோன்றச் செய்யும் கருவிகள் இக்காலத்துப் பெருகியுள்ளன. இதனைச் சூழொலி என ஈண்டு வழங்குவாம். அது நிகழும் முறையை எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு விளக்கப் புகுகின்றாம்.

முதற்கண் செவியின் திறத்தை ஆராய்வாம். ஒலி காற்றினூடே விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். வலப்புறத்தே தோன்றும் ஒலி வலச்செவியை முன்னும் இடச்செவியைப் பின்னும் சேரும். இவ்விரண்டிற்கும் உள்ள இடைவேளை, மிகுந்தவழியும், ஒரு விநாடியை ஆயிரங் கூறிட்டவற்றுள் ஒரு கூறினும் குறைவே. அன்றியும், இடையே நிற்கும் தலை, கூரிய ஒலியைப் பெரிதும் மறைத்தலின், அப்பாலுள்ள செவிக்கு அது மெலிந்து கேட்கும். காலத்தானும் வலியானும் உண்டாகும் இவ்விரு வேற்றுமைகளைக் கொண்டே மனம் திசையைத் துணிகின்றது என்பதை ரேலி பிரபு என்னும் ஆங்கில அறிஞர் 1907-ஆம் ஆண்டில் விளக்கினார். முன்னோ பின்னோ, மேலோ கீழோ என்று அறிதற்குச் செவிமடலின் மடிப்புக்களும் துணைபுரிகின்றன.

இனி, ஒன்றும் இல்லாத இடத்தினின்று ஒலி வருவதாகத் தோன்றச் செய்தல் யாங்ஙனம்? முன்னே இடத்தும் வலத்தும் இரண்டு ஒலிபெருக்கிகளை வைத்து, இரண்டிலும் ஒரே ஒலியை ஒரே அளவில் எழுப்பின், இடையே அமர்ந்திருப்பவனுக்கு அவ்வொலி நடுவிலுள்ள வெற்றிடத்தே பிறப்பதாகத் தோன்றும். ஒரு பக்கத்து அளவைக் கூட்டின், ஒலியும் அப்பக்கம் நகரும். இங்கிலாந்து நாட்டுப் பொறிஞர் ஆலன் புளும்லைன் என்பார் 1931-ஆம் ஆண்டில் இத்தகைய இரட்டை ஒலி முறைக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். திரையில் நடிகர் நடந்து செல்ல, அவர் குரலும் உடன் செல்லல் வேண்டும் என்பது அவர் நோக்கம். 1942-இல் ராடார்ச் சோதனைக்காகச் சென்ற விமானம் வீழ்ந்தமையால் 38 வயதிலேயே அவர் உயிர் துறந்தார். அவர் முறையோ உலகெங்கும் பரவிற்று.

எனினும், முன்னே உள்ள இரண்டு ஒலிபெருக்கிகளால் பின்னே எழும் ஒலியை நன்கு காட்டல் அரிது. 1982-இல் வீடுகளுக்கு வந்த டால்பி சரவுண்ட் முறை இக்குறையை ஒரு சூழ்ச்சியால் நீக்க முயன்றது. பின்புறத்துக்குரிய ஒலியை இரு தடங்களிலும் ஒன்றற்கொன்று எதிர்மாறாகப் பதித்தனர்; ஒன்றில் அலை எழும்போது மற்றதில் அது விழும். வீட்டுக் கருவி ஒரு தடத்தினின்று மற்றதைக் கழிக்க, இரண்டிற்கும் பொதுவாகிய நடுவொலி நீங்கிப் பின்னொலி எஞ்சும். முன்னொலியும் அதனோடு சிறிது கலத்தலின், பின்னொலியைச் சற்றே காலந்தாழ்த்தி எழுப்பினர். முன்னர்ச் செவியை அடைந்த ஒலி எத்திசையினின்று வந்ததோ, அத்திசையையே மனம் மெய்யெனக் கொள்ளும் அன்றோ?

பின்னர் டிஜிட்டல் முறை தோன்றியதும் ஒவ்வொரு தடமும் தனித்தனியே பதிக்கப்பட்டது. 'ஐந்து புள்ளி ஒன்று' என்பது இவ்வமைப்பின் பெயர். நடுவில் ஒன்று, முன்னே இருபுறமும் இரண்டு, கேட்போனுக்குப் பக்கத்தே சற்றுப் பின்தள்ளி இரண்டு, ஆக ஐந்து ஒலிபெருக்கிகள். உரையாடல் பெரும்பாலும் நடுவினின்றே வரும். 'புள்ளி ஒன்று' என்பது 120 ஹெர்ட்ஸிற்கு உட்பட்ட தாழ்ந்த ஒலிகளுக்குரியது. அத்தகைய ஒலியின் அலை ஏறத்தாழ 3 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுடையதாதலின், அது எழும் திசையை அறையினுள் அறிதல் கடினம். ஆதலின் அதற்கு ஒரு பெட்டியே அமையும்.

2012-இல் திரையரங்குகளில் தோன்றிய டால்பி அட்மாஸ் முறை இன்னும் ஒரு படி சென்றது. 'இவ்வொலி இவ்விடத்தே நிற்கின்றது' என்னும் குறிப்பை ஒலியோடு சேர்த்தே அனுப்புவர். வீட்டுக் கருவி, தன்னிடமுள்ள ஒலிபெருக்கிகளுக்கு ஏற்ப அதனைப் பங்கிடும். கூரையில் ஒலிபெருக்கி இல்லாதவழி, மேல்நோக்கி எழுப்பிய ஒலி கூரையிற்பட்டு மீண்டு, மேலிருந்து வருவது போலத் தோன்றும்.

பெட்டிகளைப் பெருக்குவதனால் மட்டும் பயன் விளையாது. ஒரு பெட்டி மற்றதினும் 34 சென்டிமீட்டர் அருகிலிருப்பின், அதன் ஒலி ஆயிரத்தில் ஒரு விநாடி முந்திவிடும். மனமும் அப்பக்கமே சாயும். ஆதலின், பெட்டிகளின் தூரத்தை அளந்து கருவிக்கு அறிவித்தல் வேண்டும். அது அருகிலுள்ளதனைக் காலந்தாழ்த்திச் சரிசெய்யும்.

இதுகாறும் கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். கூடத்தினுள் கடலும் இல்லை, இடியும் இல்லை. சில பெட்டிகளின் அதிர்வே உளது. அதனைக் கடலாகவும் இடியாகவும் கட்டி எழுப்புவது இறைவன் அருளிய இரு செவிகளும் அவற்றின் பின்னின்ற மனமுமே. ஒரு செவி இழந்தாருக்கு இவ்வின்பம் பெரிதும் குன்றும். சாலையில் ஊர்தி வரும் திசையை அறிதலும் அரிதாகும். உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் பேரொலியால் அழியின் மீண்டும் முளைப்பதில்லை. பெட்டி பழுதுற்றால் வேறு வாங்கலாம். செவி பழுதுற்றால் எங்குப் பெறுவோம்? ஆதலின், மாணவத் தோழர்காள், சூழொலியை அளவோடு துய்த்து, அதனை உணரும் செவியைப் பொன்னேபோற் போற்றுவோமாக.