வேலூர் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் கணக்கு

மழை ஓய்ந்து பனி இறங்கும் மாதங்களில் நம் அங்கத்தினர் வீடுகளில் காய்ச்சல் வருவது புதிதன்று. விஷக் காய்ச்சல், முறைக் காய்ச்சல் என்று ஏதோ ஒரு பெயரைச் சூட்டி, கடையில் வாங்கிய மாத்திரையை விழுங்கிவிட்டுத் தறிக்கோ கொல்லைக்கோ திரும்புவதே வழக்கமாயிருக்கிறது. ஐந்தாறு நாள் கடந்தும் காய்ச்சல் விடாதபோதுதான் பெரிய ஆஸ்பத்திரியின் நினைவு வருகிறது. அவ்வாறு காலம் கடந்து வந்து சேருவோரை வாட்டும் நோய் யாது என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையினர் முறைப்படி ஆராய்ந்து 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அக்கணக்கை நம்மவர் அறிந்துகொள்வது மிகவும் பயன் தரும்.

1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய மருத்துவப் பணியிலிருந்து வளர்ந்த மருத்துவமனை இது. குடியாத்தத்து நெசவாளரும் சித்தூர்ப் பக்கத்து விவசாயிகளும் நாடிச் செல்லும் இடம். காய்ச்சலின் காரணம் வெளிப்படையாகத் தெரியாத நிலையில் அங்குச் சேர்க்கப்பட்ட வயதுவந்தோர் 398 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தனர். மலேரியா நூற்றுக்கு 17.1 பேருக்கும், குடற்காய்ச்சலாகிய டைபாய்டு 8 பேருக்கும், டெங்கு 7 பேருக்கும், எலிக் காய்ச்சல் 3 பேருக்கும் இருந்தன. இவையனைத்தையும் விஞ்சி, நூற்றுக்கு 47.5 பேரிடம் காணப்பட்டது உண்ணிக் காய்ச்சல். மருத்துவர்கள் இதனை ஸ்கிரப் டைபஸ் என்பர். நம்மில் பலர் பெயர்கூடக் கேட்டிராத நோய், ஏறத்தாழப் பாதிப் பேரைப் படுக்கையில் கிடத்தியிருந்தது!

இக்கணக்கைப் பிழையாகப் பொருள் கொள்ளலாகாது. ஊரில் காய்ச்சல் கண்ட நூறு பேரில் 47 பேருக்கு இந்நோய் என்று இது கூறவில்லை. தானே தணிந்துவிடும் காய்ச்சல்காரர் வீட்டிலேயே குணமடைகின்றனர். தணியாதவரே பெரிய ஆஸ்பத்திரியை அடைகின்றனர். பல நாள் நீடித்து, வழக்கமான மாத்திரைக்கு அடங்காத காய்ச்சலை இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும் என்பதே அதன் செய்தி. ஆண்டுக்கு ஆண்டு டெங்குவின் எண்ணிக்கை ஏறி இறங்குவதும் நினைவிற்குரியது.

புதர்களிலும் வரப்புப் புல்லிலும் வாழும் ஒருவகைச் சிற்றுண்ணியின் இளம் பருவமே இந்நோயைப் பரப்புகிறது. அது கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது, கடித்தாலும் தெரியாது. எலிகள் மிகுந்த இடங்களில் இவ்வுண்ணியும் மிகும். தாய் உண்ணியிடமிருந்தே குஞ்சுகளுக்குக் கிருமி செல்வதால், ஒருமுறை பற்றிய புதர் எளிதில் தூய்மையடைவதில்லை. ஆனால் மனிதரிடமிருந்து மனிதருக்கு இந்நோய் தொற்றாது. ஆகவே நோயாளியை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை. களை எடுப்போர், விறகு பொறுக்கும் பெண்டிர், தோப்பில் பாவு விரித்துக் கஞ்சியிடும் நெசவாளர் ஆகிய யாவரும் இதற்கு ஆளாகக்கூடும்.

கடித்துப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி தோன்றும். கடிவாயில் பீடி நெருப்புச் சுட்டதைப் போன்ற கரும்பொருக்கு உண்டாகும். அது வலிப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் துணி இறுகும் இடம், மார்பின் கீழ் ஆகிய மறைவிடங்களிலேயே பெரும்பாலும் இருப்பதால் நோயாளிக்கே தெரிவதில்லை. கூச்சத்தால் பெண்கள் அதனைக் காட்டாது விடுவதும் உண்டு. எல்லாரிடமும் பொருக்கு காணப்படுவதில்லை. அது இல்லையென்பதால் நோயும் இல்லையென்று துணிய இயலாது.

பெனிசிலின் வகை மருந்துகளுக்கு இக்கிருமி அடங்காது. விலை குறைந்த டாக்சிசைக்ளின் என்னும் மருந்தை மருத்துவர் உரிய வேளையில் கொடுத்தால், பெரும்பாலோருக்கு இரண்டு நாளில் காய்ச்சல் தணிந்துவிடுகிறது. சிகிச்சையின்றி இரண்டாம் வாரத்தை எட்டினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை ஆகியவை தாக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். கடும் நோயாளிகள் 794 பேரிடம் இந்திய மருத்துவமனைகள் ஏழில் நடந்த சோதனையின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. டாக்சிசைக்ளினுடன் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசிவழி செலுத்துவது, ஏதேனும் ஒன்றை மட்டும் செலுத்துவதினும் நலமென்று அது காட்டியது. மலிவான மாத்திரைக்குத் தயங்கியவர் தீவிர சிகிச்சைக்காகக் கடன் மனுவுடன் சங்கத்திற்கு வரும் நிலை வருந்தத்தக்கது.

முழுக்காற்சட்டையும் காலுறையும் அணிந்து வயலுக்குச் செல்லுமாறு சிலர் உபதேசிப்பர். சேற்றில் நிற்பவர்க்கு அது நடவாத காரியம். வெறும் புல்லில் உட்காராது கோணியோ பாயோ விரித்துக்கொள்ளலாம்; துவைத்த துணியைப் புதர்மேல் உலர்த்தாதிருக்கலாம்; வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் குளித்து உடை மாற்றலாம்; வீட்டைச் சுற்றியுள்ள புதரை வெட்டலாம். காய்ச்சல் ஐந்து நாளைக் கடந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். செல்லும் முன் வீட்டிலுள்ளோர் ஒருவர் நல்ல வெளிச்சத்தில் உடல் முழுவதும் பொருக்கு உண்டா என்று பார்த்துவிடுவது நன்று. கடந்த மூன்று வாரங்களில் எந்தக் கொல்லையில், எந்தத் தோப்பில் வேலை செய்தோம் என்பதை, மருத்துவர் கேளாவிட்டாலும், நாமே சொல்லிவிட வேண்டும்.