75 காசு வட்டியும் ஏழு வருஷ இ.எம்.ஐ.யும்

மாசம் பிறந்தால் முதல் தேதியே ஒரு செய்தி வந்துவிடும்: கார் விற்பனை இத்தனை சதவீதம் ஏற்றம், இல்லாவிட்டால் இத்தனை சதவீதம் இறக்கம். இந்த எண்களை ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. பொழுதுபோக்காக ஆரம்பித்ததுதான். போகப் போக ஒன்று புரிந்தது. கார் விற்பனை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் கடனைப் பார்க்க வேண்டும். கடனைப் பார்க்கப் போனால் எல்லாரும் நம் முன்னால் நீட்டுவது இ.எம்.ஐ. என்ற ஒற்றை எண். அந்த எண்ணுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்தக் குறிப்பு. கணக்கு கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'விற்பனை' என்றால் யார் யாருக்கு விற்றது?

மாத முதல் தேதியில் கார் கம்பெனிகள் சொல்லும் எண், தொழிற்சாலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. உற்பத்தியாளர்கள் சங்கமான சியாம் தொகுப்பதும் அதைத்தான். நீங்களும் நானும் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டிகளின் கணக்கு வேறு. அதை வாகன் தளத்தின் பதிவுகளிலிருந்து எடுத்து டீலர்கள் சங்கமான ஃபாடா வெளியிடுகிறது.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது டீலரின் யார்டு. 2024 செப்டம்பரில் டீலர்களிடம் 80 முதல் 85 நாள் விற்பனைக்குச் சமமான கார்கள் தேங்கி நிற்பதாக ஃபாடா சொன்னது. சுமார் 7.9 லட்சம் வண்டிகள், மதிப்பு சுமார் 79,000 கோடி ரூபாய். கம்பெனி கணக்கில் இவை 'விற்றுப்போன' கார்கள். டீலர் இவற்றைப் பெரும்பாலும் வங்கிக் கடனில் எடுத்து நிறுத்தியிருப்பார். வண்டி ஒரு நாள் கூடுதலாக நின்றால் ஒரு நாள் வட்டி கூடுதல். பண்டிகை நேரத்துத் தள்ளுபடிக்குப் பின்னால் இந்த வட்டிக் கணக்கும் இருக்கிறது. ஆக, கார் நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன்மேல் ஒரு கடன் ஓடிக்கொண்டிருக்கிறது.

கடன் நின்றால் கார் நிற்கும்

வருஷக் கணக்கைப் பாருங்க. 2018-19இல் உள்நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்கள் 33.77 லட்சம். அடுத்த வருஷம் சுமார் 27.7 லட்சம். கொரோனாதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2019 ஆகஸ்டில் மட்டும் விற்பனை முந்தைய ஆகஸ்டைவிட 31 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அப்போது கொரோனா என்ற பேச்சே கிடையாது.

நடந்தது என்ன? 2018இல் ஐ.எல்.&எஃப்.எஸ். என்ற பெரிய உள்கட்டமைப்பு நிதி நிறுவனம் தன் கடன்களைக் கட்ட முடியாமல் நின்றது. அதைப் பார்த்ததும் வங்கிகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் மற்ற நிதி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கத் தயங்கின. கார், பைக், லாரி வாங்க நமக்குக் கடன் தருவதில் பெரும் பங்கு இந்த வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுடையது. அங்கே பணம் வறண்டதும் ஷோரூமில் கூட்டம் குறைந்தது. அதே சமயத்தில் புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆனது, பி.எஸ்.6 விதி வரப்போகிறது என்ற தயக்கமும் சேர்ந்துகொண்டது. ஆனாலும் கடன் குழாய் அடைத்தது பெரிய அடி.

பிறகு மீண்டு வந்தது. 2023-24இல் 42.18 லட்சம், 2024-25இல் 43 லட்சம். இதற்குள் விற்கும் காரின் உருவமும் மாறிவிட்டது. 2018-19இல் எஸ்.யூ.வி. போன்ற யுட்டிலிட்டி வண்டிகளின் பங்கு சுமார் 28 சதவீதம். 2024-25இல் சுமார் 65 சதவீதம். சின்னக் கார் வாங்கிக்கொண்டிருந்த நாடு ஆறே வருஷத்தில் பெரிய கார் வாங்கும் நாடாகிவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததில் விலை கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான்.

சம்பளம் இதே வேகத்தில் ஏறியதா என்று உங்கள் பே-ஸ்லிப்பைக் கேளுங்கள். ஏறவில்லை என்றால், நடுவில் இருக்கும் இடைவெளியை ஏதோ ஒன்று நிரப்பியிருக்க வேண்டும். நிரப்பியவற்றில் முக்கியமானது கடன் காலம். இப்போது பல வங்கிகள் புதுக் காருக்கு ஏழு வருஷம், அதாவது 84 மாசம் வரை தருகின்றன.

ஏழு வருஷம் என்ன செய்கிறது?

ஷோரூம் விலை 8 லட்சம் உள்ள கார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இந்த விலைக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1,04,000 ரூபாய். அதையும் இன்ஷூரன்ஸையும் கையிலிருந்து கட்டிவிட்டு, 8 லட்சத்தையும் 9 சதவீத வட்டியில் கடன் வாங்குகிறோம். வட்டி குறையும் இருப்பின் மேல்தான், அதாவது அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்.

மூன்று வருஷம்: இ.எம்.ஐ. சுமார் 25,440. மொத்த வட்டி 1.16 லட்சம்.
ஐந்து வருஷம்: இ.எம்.ஐ. சுமார் 16,607. மொத்த வட்டி 1.96 லட்சம்.
ஏழு வருஷம்: இ.எம்.ஐ. சுமார் 12,871. மொத்த வட்டி 2.81 லட்சம்.

ஐந்திலிருந்து ஏழுக்குப் போனால் மாசம் 3,700 ரூபாய் மிச்சம், மொத்தத்தில் 85,000 ரூபாய் கூடுதல். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதைதான். தெரியாத பாதி இன்ஷூரன்ஸ் பாலிசியில் இருக்கிறது.

வண்டி திருடு போனாலோ, விபத்தில் முழுசாக நொறுங்கினாலோ, கம்பெனி தருவது பாலிசியில் ஐ.டி.வி. என்று போட்டிருக்கும் தொகையை. அதற்கு ஒரு தேய்மான அட்டவணை உண்டு. ஒரு வருஷம் தாண்டினால் ஷோரூம் விலையில் 20 சதவீதம் கழியும். இரண்டு வருஷம் தாண்டினால் 30, மூன்று தாண்டினால் 40, நான்கு தாண்டினால் 50. ஆயுள் வரியாகக் கட்டிய பணம் இந்தக் கணக்கிலேயே வராது.

இப்போது ஏழு வருஷக் கடனின் பாக்கியைப் பக்கத்தில் வையுங்கள், காரின் ஷோரூம் விலை மாறவில்லை என்று வைத்துக்கொண்டு:

1 வருஷம் முடிந்ததும் பாக்கி 7.14 லட்சம், ஐ.டி.வி. 6.4 லட்சம்.
2 வருஷம் முடிந்ததும் பாக்கி 6.20 லட்சம், ஐ.டி.வி. 5.6 லட்சம்.
3 வருஷம் முடிந்ததும் பாக்கி 5.17 லட்சம், ஐ.டி.வி. 4.8 லட்சம்.
4 வருஷம் முடிந்ததும் பாக்கி 4.05 லட்சம், ஐ.டி.வி. 4 லட்சம்.

நான்கு வருஷம் ஆன பிறகும் காரின் மதிப்பைவிடக் கடன்தான் பெரிசு. அந்தக் காலத்தில் கார் திருடு போனால், இன்ஷூரன்ஸ் செக் முதலில் போவது கடன் கொடுத்தவருக்கு. அவருக்கும் பத்தாது. கார் இல்லாமல், மீதியை நாம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஐந்து வருஷக் கடனில் இந்தப் பள்ளம் இரண்டாம் வருஷ முடிவிலேயே மூடிவிடுகிறது: பாக்கி 5.22 லட்சம், ஐ.டி.வி. 5.6 லட்சம். மூன்று வருஷக் கடனில் முதல் வருஷம் முடியும்போதே பள்ளம் இல்லை.

ஏழு வருஷம்தான் கட்டுப்படியாகும் என்றால், 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பை பாலிசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். முழு இழப்பு என்றால் பில் விலையைத் தரும். ஆனால் அது பொதுவாக ஆரம்ப வருஷங்களுக்குத்தான் கிடைக்கும்.

காசுக் கணக்கு வட்டி

இதுவரை சொன்னது புதுக் கார், வங்கிக் கடன். எங்கள் விருத்தாசலம் மாதிரி ஊர்களில் நிறையப் பேர் வாங்குவது பழைய வண்டி. அங்கே வட்டியைச் சதவீதத்தில் பேச மாட்டார்கள். நூறு ரூபாய்க்கு மாசம் எவ்வளவு என்றுதான் பேச்சு: ஒரு ரூபா வட்டி, ஒன்னரை வட்டி, 75 காசு வட்டி.

என் சித்தப்பா மகன் இங்கே செராமிக் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறான். பொம்மை, விளக்கு ஏற்றிப் போக பழைய குட்டி யானை ஒன்று வாங்க 3 லட்சம் தேவைப்பட்டது. வண்டி காட்டிய இடத்தில் 75 காசு வட்டி, நாலு வருஷம், மாசம் 8,500 என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் ஒன்னேகால் ரூபாய் வட்டிக்குத் தருவதாகச் சொன்னார். ஒரு வங்கிக் கிளையில் 12 சதவீதம் என்றார்கள். "அண்ணே, 75 காசுன்னா வருஷத்துக்கு 9 பர்சென்ட்தானே? பேங்க்கை விடக் கம்மியா இருக்கே" என்றான்.

இங்கேதான் சூட்சுமம். ஒன்னேகால் ரூபாய் வட்டிக்கு வாங்கினால் 3 லட்சமும் கையில் இருக்கும்வரை மாசம் 3,750 கட்டுகிறோம். அசலில் ஒரு லட்சம் திருப்பினால் வட்டி 2,500 ஆகக் குறையும். எவ்வளவு பணம் நம்மிடம் இருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் வட்டி.

75 காசு இ.எம்.ஐ.யில் அப்படி இல்லை. மாச வட்டி 2,250, மாச அசல் 6,250. மாசா மாசம் அசல் திரும்பிப் போகிறது, வட்டி மட்டும் முதல் நாளின் 3 லட்சத்துக்கே ஓடுகிறது. கடைசி மாசத்தில் அவர்கள் கணக்குப்படியே நம்மிடம் மீதி இருப்பது 6,250 ரூபாய். அதற்கும் வட்டி 2,250! இதற்குத்தான் ஃபிளாட் ரேட் என்று பெயர்.

எக்செல்லில் ரேட் என்று ஒரு ஃபார்முலா இருக்கிறது. மாசம் 48, தவணை மைனஸ் 8500, கடன் 300000 என்று கொடுத்தால் வரும் விடை மாசம் 1.33 சதவீதம். அதாவது அந்த 75 காசு வட்டி, ஊர்ப் பேச்சில் சொன்னால், ஒரு ரூபாய் 33 காசு வட்டி. வருஷத்துக்கு 16 சதவீதம். ஒன்னேகால் ரூபாயைவிடக் கூடுதல். ஆவணக் கட்டணம் என்று 6,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 2,94,000 கையில் கொடுத்தால் 17 சதவீதத்தைத் தாண்டுகிறது.

வங்கியின் 12 சதவீதத்தில் அதே 3 லட்சம், அதே 48 மாசத்துக்கு இ.எம்.ஐ. 7,900. மொத்த வட்டி 79,200. '9 சதவீத'க் கடனில் மொத்த வட்டி 1,08,000. வித்தியாசம் 28,800 ரூபாய். சின்ன யூனிட் வைத்திருப்பவனுக்கு இது சின்னத் தொகை இல்லை. தம்பி வங்கியிலேயே வாங்கினான். அங்கே காகிதம் கூடுதலாகக் கேட்டார்கள், இரண்டு வாரம் இழுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 75 காசுக்காரர் மறுநாளே தருவதாகச் சொன்னார். அந்த வேகத்துக்கும் சேர்த்துத்தான் அவர் விலை. அந்த விலை எவ்வளவு என்று தெரிந்து கொடுத்தால் பரவாயில்லை.

அவசரத்துக்கு ஒரு வாய்ப்பாடு: மூன்றிலிருந்து ஐந்து வருஷக் கடன் என்றால், ஃபிளாட் சதவீதத்தை 1.8ஆல் பெருக்குங்கள். உண்மை வட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கையெழுத்துக்கு முன்னால்

2024 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி ஒரு விதி வைத்திருக்கிறது. வங்கியோ, பதிவு பெற்ற நிதி நிறுவனமோ, தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் தவணைக் கடனுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' ஒன்றைத் தர வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேளுங்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். தமிழில் கொடுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அதில் ஏ.பி.ஆர். என்று ஒரு எண் இருக்கும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்த உண்மையான வருஷ விலை அதுதான். ஃபிளாட் என்ற பேச்சு அந்தக் கட்டத்துக்குள் நுழைய முடியாது. இரண்டு இடத்தில் கடன் கேட்டால் இ.எம்.ஐ.யை ஒப்பிடாதீர்கள், ஏ.பி.ஆரை ஒப்பிடுங்கள். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை நம் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கக் கூடாது.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வட்டி நிலையானதா, மாறுவதா? 2025 பிப்ரவரியிலிருந்து டிசம்பருக்குள் ரெப்போ விகிதம் 6.50லிருந்து 5.25 சதவீதத்துக்கு இறங்கியது. மாறும் வட்டியில் வீட்டுக் கடன் வைத்திருந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. கார் கடன்களில் நிறைய நிலையான வட்டியில் இருப்பதால் அவர்களுக்கு ஒரு பைசா குறையவில்லை. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும், தனிநபர்களின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. நிலையான வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே முன்கூட்டி அடைத்தால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடன் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடன் கொடுத்தவரிடமிருந்து என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி.யில் இருக்கும் அடமானக் குறிப்பை ஆர்.டி.ஓ.வில் நீக்கிவிடுங்கள். நிறையப் பேர் கடைசித் தவணை போனதும் இதை மறந்துவிடுகிறார்கள். வண்டியை விற்கப் போகும் அன்றுதான் ஞாபகம் வரும். அதற்குள் அந்த நிதி நிறுவனக் கிளை வேறு ஊருக்குப் போயிருக்கும்.