ஆங்கில ஆய்வுரையில் சொற்கட்டுகள்

சொற்கள் இலக்கண விதியால் மட்டுமே இணைகின்றன என்று கருதுதல் முற்றும் பொருந்தாது. சில சொற்கள் வேறு சிலவற்றோடு அடுத்து வரும் வழக்குடையன என்பதை ஆங்கில மொழியியலறிஞர் ஜே. ஆர். ஃபிர்த் 1950களில் வற்புறுத்தினார். எழுதுவோர் பலவிடத்தும் தனிச் சொற்களையன்றி, முன்பே அமைந்த தொடர்களையே தேர்ந்து கொள்கின்றனர் என 1991-ல் ஜான் சிங்க்ளேர் கூறினார்.

1999-ல் டக்ளஸ் பைபரும் உடனாசிரியரும் வெளியிட்ட லாங்மன் ஆங்கில இலக்கணம் இத்தொடர்களை எண்ணிக்கையால் வரையறுத்தது. நான்கு சொற்கள் ஒரே வரிசையில், பத்து இலட்சம் சொற்களுக்குப் பத்து முறையேனும், குறைந்தது ஐந்து வெவ்வேறு பனுவல்களில் வருமாயின் அது 'லெக்சிகல் பண்டில்' எனப்பட்டது. ஈண்டு அதனைச் சொற்கட்டு என்போம். ஐந்து பனுவல் என்னும் வரையறை, ஒருவரது தனிப்பழக்கம் பொதுவழக்காகத் தோன்றாமற் காக்கிறது.

சொற்கட்டு மரபுத்தொடரன்று. மரபுத்தொடருக்குச் சொற்பொருளின் வேறாய பொருளுண்டு. சொற்கட்டின் பொருள் பெரும்பாலும் வெளிப்படை. அது முற்றுப்பெற்ற தொடராகவும் இருத்தல் வேண்டா. 'தி நேச்சர் ஆஃப் தி' என்பது அடுத்து வரும் பெயரை அவாவி நிற்கும் துணுக்கேயாம். உரையாடலில் வினை தழுவிய கட்டுகள் மிகும். ஆய்வுரையில், 'விளைவாக' என்னும் பொருளுடைய 'ஆஸ் எ ரிசல்ட் ஆஃப்' போன்று, பெயர் தழுவியன மிகும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதார் இவற்றை எவ்வாறு ஆள்கின்றனர்? தாய்மொழியாளரான அறிஞரையும் அயன்மொழியாளரான மாணவரையும் மட்டும் ஒப்பிட்டால் விடை பிழைபடும். காணும் வேறுபாடு மொழியால் வந்ததோ, பயிற்சிக் குறைவால் வந்ததோ என்பது விளங்காது. 2010-ல் யூ-ஹுவா சென், பால் பேக்கர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு இக்குறையை நீக்கியது. அவர்கள் அச்சேறிய ஆங்கில ஆய்வுரைகள், ஆங்கிலேய மாணவர் கட்டுரைகள், சீன மாணவர் கட்டுரைகள் என மூன்றனை ஒப்பிட்டனர். அறிஞர் எழுத்தில் கட்டுகளின் வகை மிகுந்தும், சீன மாணவர் எழுத்தில் குறைந்தும் காணப்பட்டன. 'உலகமெங்கும்' எனப் பொருள்படும் 'ஆல் ஓவர் தி வேர்ல்டு' என்பதைச் சீன மாணவர் மிகுதியாக ஆண்டனர். அறிஞரோ அதனை அரிதாகவே வழங்கினர். ஆயின் 'இன் தி காண்டெக்ஸ்ட் ஆஃப்' என்னும் அறிஞர் வழக்கு இருதிறத்து மாணவரிடமும் குறைவாகவே வந்தது. எனவே, ஆய்வு நடை தாய்மொழியாளர்க்கும் பிறப்பால் வருவதன்று, கற்றே பெறுவது.

எனினும், மொழி வேறுபாடு இல்லை என்பதும் பொருந்தாது. 2012-ல் ஏடெல், எர்மன் ஆகியோர் சுவீடிய மாணவர், பிரித்தானிய மாணவர் ஆகியோரின் மொழியியல் கட்டுரைகளை ஆராய்ந்தனர். கருத்தைத் துணிந்து முடிக்காமல் 'ஆகலாம்' என அளவிட்டுரைக்கும் கட்டுகள் பிரித்தானியரிடம் பல்வகையாக வந்தன. 2016-ல் பான், ரெப்பன், பைபர் மூவரும் தொலைத்தொடர்பியல் இதழ்களை ஆராய்ந்தனர். ஆங்கிலத் தாய்மொழியாளர் பெயர் தழுவிய கட்டுகளையும், சீன அறிஞர் செயப்பாட்டுவினை உள்ளிட்ட வினை தழுவியவற்றையும் சார்ந்தமை புலனாயிற்று.

இவற்றால் பெறப்படுவது யாது? கட்டுகளின் எண்ணிக்கை எழுத்தாற்றலுக்கு அளவுகோலாகாது. ஒரே கட்டைப் பன்முறை பெய்தலினும், சான்றின் வலிமைக்கேற்பத் துணிவையும் ஐயத்தையும் வேறுபடுத்திக் கூற வல்ல பலவகைக் கட்டுகளை அறிதலே வேண்டப்படுவது. அயன்மொழியில் எழுதும் ஆய்வாளரிடம் காணும் ஒவ்வொரு வேறுபாட்டையும் மொழிக்குறை என்று தீர்ப்பதற்கு முன், அது பயிற்சி பற்றியதோ, துறை பற்றியதோ, தாய்மொழி பற்றியதோ எனப் பகுத்து நோக்குதல் ஆசிரியர்க்கும் மதிப்பிடுவோர்க்கும் கடனாகும்.