பாவித்த மடிக்கணினி வாங்கும் வியாபாரிக்கு: 7200யூவா, 8250யூவா?

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதியால் சுன்னாகம் நோக்கிச் செல்லும்போது வருவது மருதனார்மடம் சந்தி. வலிகாமத்துத் தோட்டங்களில் விளையும் மரக்கறிகள் மொத்தமாகக் கைமாறும் சந்தை அங்குதான் இருக்கிறது. அவ்வாறான இடத்தில் கடை நடத்தும் ஒருவருக்கு இன்று கணினி ஆடம்பரப் பொருளல்ல. யாரிடம் எவ்வளவு சரக்கு எடுத்தோம், யார் எவ்வளவு பாக்கி தர வேண்டும், கையிருப்பு என்ன என்பதெல்லாம் கடன் கொப்பியிலிருந்து கணினிக்கு மாறி வருகின்றன. மின்சாரம் போனாலும் கணக்கு நிற்கக் கூடாது என்பதால் பலர் மடிக்கணினியையே தெரிவு செய்கின்றனர்.

புதியது வாங்குவதுதான் சிரமம். 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி நெகிழவிடப்பட்ட பின், அதுவரை சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ரூபாவைத் தாண்டியது. இறக்குமதிப் பொருட்களின் விலையும் அதனோடு ஏறியது. எனவே சிறு வியாபாரிகளின் பார்வை பாவித்த மடிக்கணினிகளின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. வெளிநாட்டுக் கம்பனிகள் பாவித்துக் கழித்த லெனோவோ, டெல், எச்.பி. கணினிகளில் அடிக்கடி காணப்படும் இரு புரொசெசர்கள் இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ5-7200யூ, கோர் ஐ5-8250யூ ஆகியவை. இரண்டுக்கும் பெயர் "ஐ5"தான். ஆனால் வியாபாரிக்கு அவை ஒன்றல்ல.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

7200யூ 2016இல் வெளிவந்த ஏழாம் தலைமுறைப் புரொசெசர். 8250யூ அதற்கு அடுத்த ஆண்டு, 2017இல் வந்த எட்டாம் தலைமுறை. மாதிரி எண்ணின் முதல் இலக்கமே இங்கு தலைமுறையைக் காட்டுகிறது.

விளம்பரத் துண்டில் முதலில் கண்ணில் படுவது வேகம். 7200யூவின் அடிப்படை வேகம் 2.5 கிகாஹேர்ட்ஸ், 8250யூவினது 1.6 மட்டுமே. இதைப் பார்த்துப் பழையதுதான் வேகமானது என்று முடிவு செய்பவர்கள் உண்டு. அது தவறான முடிவு. தேவை ஏற்படும்போது 7200யூ 3.1 வரை ஏறும், 8250யூ 3.4 வரை ஏறும். அதைவிட முக்கியமானது, முதலாவதில் இருப்பவை 2 கோர்கள், இரண்டாவதில் இருப்பவை 4 கோர்கள். முதலாவது ஒரே நேரத்தில் 4 வேலைத் தொடர்களையும் இரண்டாவது 8 தொடர்களையும் கையாளும். கேஷ் நினைவகமும் 3 எம்பியிலிருந்து 6 எம்பியாக உயர்ந்துள்ளது. இரண்டும் 15 வாட் அளவில் இயங்க வடிவமைக்கப்பட்டவை.

சந்தையை வைத்தே இதை விளங்கிக் கொள்ளலாம். ஒரு கடையில் 2 தராசு, அடுத்த கடையில் 4 தராசு என்று வைத்துக்கொள்வோம். ஒரேயொரு விவசாயி ஒரு மூட்டை கத்தரிக்காயுடன் வந்தால் இரு கடையிலும் நிறுக்க ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். விடியற்காலையில் பத்துப் பேர் ஒன்றாக வந்து நிற்கும்போதுதான் 4 தராசின் அருமை தெரியும்.

கணினியிலும் அப்படித்தான். பற்றுச்சீட்டு அடிப்பது, ஒரு கடிதம் தட்டச்சு செய்வது போன்ற தனி வேலைகளில் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் பத்து வீதமளவே இருக்கும். கணக்கு மென்பொருள், எக்செல், இணைய உலாவியில் பத்துப் பக்கங்கள், வட்ஸ்அப், பின்னணியில் வைரஸ் தடுப்பு மென்பொருள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது 8250யூ தெளிவாக முந்தும். ஆயினும் கோர்கள் இரட்டிப்பானதால் வேகமும் இரட்டிப்பாகும் என எதிர்பார்க்கக் கூடாது. நான்கு கோர்களும் நீண்டநேரம் உழைத்தால் அதே 15 வாட் வரம்புக்குள் அடங்குவதற்காக வேகம் குறைக்கப்படும். முந்திய தலைமுறையை விட 40 வீதம் வரை கூடிய செயற்றிறன் என்றே இன்டெல் நிறுவனமும் அன்று அறிவித்தது.

இதனால் இன்னொரு மயக்கமும் தீர்கிறது. "ஐ7" என்ற ஸ்டிக்கருக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். ஏழாம் தலைமுறை ஐ7-7500யூவிலும் இருப்பவை 2 கோர்கள்தான். பல வேலைகள் ஒன்றாக ஓடும்போது அது எட்டாம் தலைமுறை ஐ5இன் பின்னால்தான் நிற்கும்.

உண்மையான வித்தியாசம் ஆயுளில்

வேகத்தை விட வியாபாரி கவனிக்க வேண்டியது வேறொன்று. விண்டோஸ் 10க்கான வழமையான இலவசப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு அந்நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் இன்டெல் புரொசெசர்கள், ஓரிரு விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. 8250யூ அந்தப் பட்டியலில் இருக்கிறது, 7200யூ இல்லை. ஓராண்டு இடைவெளியில் பிறந்த இரு புரொசெசர்களுக்கு நடுவே இப்படியொரு கோடு விழுந்துவிட்டது.

இற்றைப்படுத்தல் நின்றதால் 7200யூ கணினி நின்றுவிடாது. அது ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபட மாட்டா. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்கள் அவ்வாறான ஓட்டைகளைத்தான் தேடுகின்றன. ஒரு வீட்டில் படங்கள் போகலாம். ஒரு கடையில் பாக்கிக் கணக்கே போய்விடும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் காட்ட ஆதாரமில்லாத வியாபாரி கடன் கேட்டுப் போவது எவ்வாறு?

நிறுவனங்கள் விண்டோஸ் 10க்குத் தொடர்ந்து பாதுகாப்புப் பெற மைக்ரோசொப்ட் விதித்த கட்டணம் ஒரு கணினிக்கு முதலாம் ஆண்டு 61 டொலர். அது ஆண்டுதோறும் இரட்டிப்பாகி 122, பின்னர் 244 என ஆகும். மூன்றாண்டுக்கு மொத்தம் 427 டொலர்.

சிறிய கணக்கு ஒன்று

உதாரணத்துக்கு, 7200யூ கணினியை 60,000 ரூபாவுக்கும் அதே நிலையிலுள்ள 8250யூ கணினியை 80,000 ரூபாவுக்கும் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 20,000 ரூபா. அதை நான்கு ஆண்டு பாவித்தால் மாதத்துக்குச் சுமார் 417 ரூபா, நாளுக்குச் சுமார் 14 ரூபா. மறுபுறம், டொலரை 300 ரூபாவாகக் கணித்தால் மேற்சொன்ன முதலாண்டுக் கட்டணம் மட்டுமே 18,300 ரூபா. மலிவாக வாங்கிய இலாபத்தின் பெரும்பகுதி ஒரே ஆண்டில் கரைந்துவிடுகிறது.

எனவே கணக்கும் இணையமும் சேர்ந்த வியாபார வேலைக்கு, நியாயமான வித்தியாசத்தில் கிடைத்தால் 8250யூவே பெறுமதியானது. 7200யூவுக்கும் இடமுண்டு. இணையத்தில் இணைக்காமல் பற்றுச்சீட்டு மட்டும் அடிப்பதற்கும், லினக்ஸ் இயங்குதளம் நிறுவிப் பாவிப்பதற்கும் அது இன்றும் போதுமானது. ஆனால் உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்காக மட்டும் எழுதப்பட்டதா என்று முதலில் கேட்டறியுங்கள். அப்படியானால் லினக்ஸ் உங்களுக்கு உதவாது.

காசு கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

முதலாவது, மாதிரிப் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். லெனோவோ திங்க்பேட் டி480 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையுடன் வந்தாலும் ஏழாம் தலைமுறையுடனும் விற்கப்பட்டது. விண்டோஸ் 11 ஓடுகிறது என்பதும் சான்றாகாது. தடையைச் சுற்றிக் கடந்து பழைய கணினியிலும் அதை நிறுவ முடியும். ஆனால் அத்தகைய கணினிகளுக்கு இற்றைப்படுத்தல் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதி தருவதில்லை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி, "பெர்ஃபோமன்ஸ்" பகுதியில் "சி.பி.யூ" என்பதைத் திறந்தால் புரொசெசரின் பெயரும் கோர்களின் எண்ணிக்கையும் தெரியும்.

இரண்டாவது, உள்ளே இருப்பது ஹாட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டியா என்று பாருங்கள். ஹாட் டிஸ்க்குடன் உள்ள 8250யூவை விட எஸ்.எஸ்.டி உள்ள 7200யூ சீக்கிரம் தொடங்கும். கோப்புகளையும் சீக்கிரம் திறக்கும். ரெம் 8 ஜிபிக்குக் குறையாமல் இருப்பது நல்லது. இவை இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

மூன்றாவது, பற்றரியை முழுமையாக ஏற்றி, வயரைக் கழற்றி அரை மணி நேரம் வேலை செய்து பாருங்கள். அதற்குள் எத்தனை வீதம் இறங்குகிறது என்பதே பற்றரியின் உண்மை நிலை. விசிறி இரைகிறதா, அடிப்பகுதி அளவுக்கு மிஞ்சிச் சுடுகிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள். நமது வெக்கையிலும் தூசியிலும் விசிறி அடைபட்டால் நான்கு கோர் இருந்தும் பயனில்லை.

நான்காவது, புரொசெசர் எண், ரெம், எஸ்.எஸ்.டி அளவு, உத்தரவாதக் காலம் அனைத்தையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். வெறும் "ஐ5 லெப்டொப்" என்று எழுதிய பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு பிறகு எதையும் கேட்க முடியாது.

எந்தக் கணினியை வாங்கினாலும் வாரம் ஒருமுறை கணக்குகளை ஒரு பென் டிரைவில் பிரதி செய்து, அதைக் கணினியோடு பொருத்தி வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். பழுதான கணினிக்குப் பதிலாக வேறொன்று வாங்கலாம். தொலைந்த பாக்கிக் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.